மேஜர் படிக்காத அத்தியாயம்

மேஜர் லயனல் டார்வால் எழுதிய புத்தகம் மூன்று பூட்ஸ் பெட்டிகளில் வந்து இறங்கியது. முதல் பெட்டியைத் திறந்து நாலு தாள் வாசித்ததுமே மேவிஸ் ஹிபர்டுக்குப் புரிந்துவிட்டது. இந்த மனிதர் நாற்பது வருஷம் ஒல்வர் ஆற்றில் மீன் பிடித்திருக்கிறார். ஒருநாள்கூட அந்த ஆற்றைப் பார்த்ததில்லை.

மேவிஸுக்கு நாற்பத்து மூன்று வயது. இங்கிலாந்தில் நெதர்கோம் கிராமத்தில் தேவாலயத்துக்குப் பின்னால் தனியாக இருந்தாள். முன்னறை மேஜையில் ஒரு டைப்ரைட்டர். பாதிரியாரின் பிரசங்கம், டவுன் வக்கீலின் பத்திரங்கள், பால் பண்ணைக்காரர்கள் சர்க்காருக்கு அனுப்பும் புகார்கள் என்று எது வந்தாலும் அடித்துக் கொடுப்பாள். அவளுடைய அப்பா ஈனாக் ஹிபர்ட் டார்வால் குடும்பத்துக்குச் சொந்தமான இரண்டு மைல் ஆற்றுக்கு முப்பத்தோரு வருஷம் காவலராக இருந்து, இரண்டாம் உலக யுத்தம் நடந்த காலத்தில் செத்துப்போனவர். மேஜர் அவளைத் தேடி வந்ததற்கு அதுவும் ஒரு காரணம். "ஆத்தைப் பத்தி உங்களுக்கு நாலு வார்த்தை தெரிஞ்சிருக்கும், எழுத்துப் பிழை வராது பாருங்க" என்றார்.

புத்தகம் சரித்திரத்தோடு தொடங்கியது. ரோமானியர்கள் கட்டிய பாலத்தின் மேல் நின்று மேஜர் இரண்டு பக்கத்துக்கு உருகியிருந்தார். அந்தப் பாலத்தைக் கட்டியது கவுண்டி சபை. 1908 வெள்ளத்தில் மரப்பாலம் அடித்துக்கொண்டு போன பிறகு கட்டினார்கள். கொத்தனார்களுக்கு டீ சுமந்து கொடுத்தது மேவிஸின் அம்மா. அடுத்ததாக ஒரு ராஜா வேட்டைக்கு வந்து இந்த ஆற்றில் தண்ணீர் குடித்தார். எந்த ராஜா என்று மேஜர் சொல்லவில்லை. தாகம் மட்டும் உறுதியாக இருந்தது.

அப்புறம் இயற்கைக் காட்சி. ஆறு வெள்ளி நாடா போல ஓடியது. வில்லோ மரங்கள் பெருமூச்சு விட்டன. அன்னங்கள் மகாராணிகளைப் போல மிதந்தன. இதே அன்னங்கள் நீர்ப்பூண்டைப் பிடுங்கித் தின்கின்றன, மீன் நிற்க மறைவில்லாமல் போகிறது என்று சொல்லி, வாரம் தவறாமல் அவற்றைத் தகரம் தட்டி விரட்டச் சொன்னவர் மேஜர். தகரம் தட்டியவர் ஈனாக்.

வியாழக்கிழமை தோறும் மாலை நாலு மணிக்கு மேஜர் வருவார். கணப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சூடு மொத்தத்தையும் தானே வாங்கிக்கொண்டு நிற்பார். டீயும் கேக்கும் அவள் செலவு. ஊரார் வீட்டு நெய்யே என் பெண்டாட்டி கையே என்கிற சுபாவம் அவருக்கு.

"அந்த வெள்ளி நாடா வர்ற இடம் எப்படி, மிஸ் ஹிபர்ட்?"

"எந்த இடம் மேஜர்? முதல் அத்தியாயத்துலயே பதினொரு தடவை வருது."

"ஆமா ஆமா. அதுதான் அதோட தாளம்" என்று கேக்கை வாயில் போட்டுக்கொண்டார்.

மேவிஸ் அவர் கோப்பையில் டீ ஊற்றினாள். இவரிடம் கோபப்படக்கூட ஒன்றும் இல்லை என்று நினைத்தாள். கோபப்படுவதற்கு எதிரே ஓர் ஆள் இருக்க வேண்டும். இங்கே மீசையும் ட்வீட் கோட்டும்தான் நின்றுகொண்டிருந்தன. சொன்னதைச் சொன்னபடி அடித்துக் கொடுத்துவிடலாம், வாங்குகிறவன் தலையெழுத்து என்றுதான் எட்டு அத்தியாயம் வரைக்கும் இருந்தாள்.

ஒன்பதாவது அத்தியாயம் அந்தப் பெரிய டிரவுட் மீனைப் பற்றியது.

அந்த மீனை நெதர்கோமில் தெரியாதவர் கிடையாது. ஏழு பவுண்டு. 1922 ஜூன் மாதம் பிடித்தது. பாடம் பண்ணி, கண்ணாடிப் பெட்டியில் அடைத்து, த்ரீ கப்ஸ் விடுதியில் பீர் பீப்பாய்களுக்கு மேலே மாட்டியிருந்தார்கள். மேஜர் அதைப் பிடித்த கதையைப் பதினேழு பக்கத்துக்கு எழுதியிருந்தார். மூன்று மாலை மறைந்து மறைந்து காத்திருந்தாராம். தூண்டில் முள்ளில் கட்டிய கொசுவளவு செயற்கைப் பூச்சியை மீனின் மூக்கு நுனியில் பனித்துளி விழுவது போல விழ வைத்தாராம். மீன் நீர்ப்பூண்டுக்குள் புகுந்துகொண்டதும், தன்னந்தனியாக ஆற்றில் இறங்கி அதோடு மல்லுக்கட்டினாராம். அதற்கடுத்த வரியில் மேவிஸின் விரல்கள் நின்றன.

'உதவிக்கு என் காவலன் ஹிபர்டைக் கூப்பிட்டேன். வழக்கம்போல அவன் மூக்கு முட்டக் குடித்துவிட்டு வைக்கோல் போரில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான்.'

அவள் அதை மறுபடி வாசித்தாள். எழுந்துபோய்க் குழாயில் தண்ணீர் பிடித்துக் குடித்துவிட்டு வந்து மூன்றாம் தடவை வாசித்தாள்.

ஈனாக் ஹிபர்ட் மெதடிஸ்ட் சபைக்காரர். மது தொடமாட்டேன் என்று பத்தொன்பது வயதில் கையெழுத்துப் போட்டவர். மகளின் ஞானஸ்நானத்தில் கூட எலுமிச்சைத் தண்ணீர்தான் கொடுத்தார். சாகும் தறுவாயில் டாக்டர் ஒரு ஸ்பூன் பிராந்தி கொடுக்கப் போக, பல்லைக் கடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பியவர். அன்றைக்கு மாலை என்ன நடந்தது என்று மேவிஸுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. அப்போது அவளுக்குப் பதினொரு வயது. அப்பாவுக்கு ரொட்டியும் பாலாடைக்கட்டியும் கொண்டுபோய், வேலி ஓரமாக நின்று கண்ணால் பார்த்தவள்.

மூன்று நாள் டைப்ரைட்டரை மூடியே வைத்திருந்தாள். அடுத்தவர் எழுத்தில் கைவைப்பது தப்பு என்று அவளுக்குத் தெரியும். நாலாம் நாள் காலையில் மேஜரின் பதினேழு தாளையும் ஒழுங்காக அடுக்கி, பூட்ஸ் பெட்டியில் திருப்பி வைத்து மூடினாள். புதுத்தாள் செருகினாள். மேஜரின் குரலிலேயே 'நான்' என்று தொடங்கினாள்.

'நான் இழுத்தேன். மீன் அசையவில்லை. எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. ஈனாக் ஹிபர்ட் கோட்டைக் கழற்றி, மடித்து, புல்லின் மேல் வைத்துவிட்டு இறங்கினார். தண்ணீர் அவர் கழுத்துக்கு வந்தது. நூலைக் கையால் தடவித் தடவிப் போய், பூண்டைக் கற்றை கற்றையாகப் பிரித்து, மீனை வலையில் வாங்கினார். நான் கரையில் நின்றேன். என் பூட்ஸ் நனையவில்லை. அவர் மூன்று வாரம் நெஞ்சுச் சளியோடு படுத்திருந்தார். நான் ஒரு பிஸ்கட் டப்பா அனுப்பினேன்.'

அதோடு நிற்க அவளுக்கு மனசு வரவில்லை. ஆற்றில் மண்டும் நீர்ப்பூண்டைக் காவலர்கள் அறுப்பதைப் பற்றி இன்னும் ஆறு பக்கம் எழுதினாள். கோடையிலும் எலும்பைக் குடையும் ஊற்றுத் தண்ணீர், நீண்ட பிடி அரிவாளை வீசும்போது இடுப்பில் விழும் சுளுக்கு, அறுத்த பூண்டு மிதந்து போய் மதகில் அடைக்கும்போது கேட்கும் வசவு, எல்லாம் எழுதினாள். அதில் 'ஆறு', 'மீன்', 'குளிர்' என்ற வார்த்தைகள் இருந்தன. வெள்ளி இல்லை, நாடா இல்லை.

மேஜர் பார்த்தால் வானத்துக்கும் பூமிக்கும் குதிப்பார், குதிக்கட்டும், அப்போது முகத்துக்கு நேரே கேட்டுவிடலாம் என்று காத்திருந்தாள். மேஜர் பார்க்கவே இல்லை. "அச்சுப் பிழை பாக்குற வேலையெல்லாம் உங்க தலையில கட்டிட்டேன், மிஸ் ஹிபர்ட். எழுதுனவன் தன் எழுத்தையே திரும்பப் படிக்கக் கூடாது, உணர்ச்சி கெட்டுப்போகும்" என்றார். அச்சகத்திலிருந்து வந்த தாள்களில் அவர் பார்த்தது ஒன்றே ஒன்று: முகப்பில் போடும் தன் போட்டோ. காது சற்றுப் பெரிதாக விழுந்திருக்கிறது என்று இரண்டு தடவை திருப்பி அனுப்பினார்.

ஆகஸ்டில் புத்தகம் வந்தது. பத்து நாளில் கவுண்டி வாரப் பத்திரிகையில் அரைப் பக்கத்துக்கு எழுதியிருந்தார்கள். முதல் எட்டு அத்தியாயங்களும் 'வாசகரின் பொறுமையைச் சோதிப்பவை'யாம். 'ஆனால் ஒன்பதாவது அத்தியாயத்துக்காகவே இந்த நூலை வாங்கலாம். தன் புகழைத் தன் காவலருக்கு விட்டுக்கொடுக்கும் மேஜர் டார்வாலின் பணிவும் பெருந்தன்மையும் நம் காலத்தில் அரியவை.'

வியாழக்கிழமை கூட இல்லை, அன்றைக்கே மேஜர் வந்துவிட்டார். கையில் பத்திரிகை. மேவிஸ் கதவைத் திறந்து, நிமிர்ந்து நின்றுகொண்டாள்.

"பாத்தீங்களா? பெருந்தன்மைன்னு போட்டிருக்கான்!"

"பாத்தேன்."

"பணிவாம்! ஒன்பதாவது அத்தியாயம்தான் மகுடமாம்." மேஜர் உள்ளே வந்து கணப்பின் முன்னால் நின்றார், கோடை, நெருப்பு இல்லை, ஆனாலும் நின்றார். "எழுதும்போதே எனக்குத் தோணிச்சு, மிஸ் ஹிபர்ட். இதுல ஏதோ இருக்குன்னு."

"அந்த அத்தியாயத்தைப் படிச்சீங்களா மேஜர்?"

"நான் எழுதுனத நானே படிக்கணுமா என்ன?"

அவர் முகத்தில் வெட்கம் எங்கேயாவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று மேவிஸ் தேடிப் பார்த்தாள். மருந்துக்கும் இல்லை. திருடின கோட்டைப் போட்டுக்கொண்டு, அளவு சரியாக இருக்கிறதா என்று கோட்டுக்காரனிடமே கேட்கிற ஆள். அப்பாவின் பேரைக் காப்பாற்றப் போய், இந்த மனிதனுக்கு ஒரு பேரை வாங்கிக் கொடுத்துவிட்டோமே என்று அவளுக்குத் தன் மேலேயே எரிச்சல் வந்தது. அன்றைக்கு டீ போடவில்லை.

செப்டம்பர் கடைசியில், மீன்பிடிக் காலம் முடிகிற வாரம், தூண்டில்காரர்கள் சங்கம் த்ரீ கப்ஸ் விடுதியில் மேஜருக்கு விருந்து வைத்தது. யுத்த காலத்தில் மாமிசத்துக்குப் போட்ட ரேஷனை ஜூலையில்தான் எடுத்திருந்தார்கள். அதனால் பதினாலு வருஷப் பசியோடு முப்பது பேர் வந்து உட்கார்ந்தார்கள். மேவிஸுக்கும் அழைப்பு இருந்தது. சமையலறைக் கதவுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி. மேலே கண்ணாடிப் பெட்டிக்குள் ஏழு பவுண்டு மீன், பீர் ஆவியில் பழுத்து, எல்லாரையும் ஒரே கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தது.

மாட்டுக்கறி தீர்ந்து ஆப்பிள் பை வந்தபோது மேஜர் எழுந்து பேசினார். ஈனாக்கைப் பற்றிப் பேசினார். "எளிய மனுஷன். படிப்பு கிடையாது. ஆனா அவன்கிட்ட ஒரு விசுவாசம் இருந்துச்சு பாருங்க, நல்ல நாய்க்கு இருக்குமே, அந்த மாதிரி." முப்பது பேரும் தலையாட்டினார்கள். மேவிஸ் கரண்டியைத் தட்டில் வைத்தாள்.

அப்போது ஜெம் டக்கர் எழுந்தார். கீழாற்றுப் பகுதியின் காவலர் அவர். ஐம்பது வயது, பேச்சு கம்மி. வம்புக்காக எழுந்த மாதிரி தெரியவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள ஆசைப்பட்ட முகம்.

"மேஜர், ஒரு சந்தேகம். ஒன்பதாவது அத்தியாயத்துல பூண்டு அறுக்கிறதப் பத்தி எழுதியிருக்கீங்க. நானும் இருபது வருஷமா அறுக்கிறேன், அப்படி யாரும் சொல்லி நான் கேட்டதில்ல. ஜூன் மாசம் மொத்தமா அறுக்காம, குறுக்குக் குறுக்கா பட்டை விட்டு அறுக்கணும்னு சொல்றீங்க. ஏன்னு மட்டும் சொல்லல. ஏன் மேஜர்?"

மேஜர் சிரித்தார். "ஏன்னா... அது வந்து டக்கர், கண்ணுக்கு அழகா இருக்கும் இல்லையா? பச்சை, வெள்ளை, பச்சை, வெள்ளைன்னு."

யாரோ ஒருவர் பீரைத் தொண்டையில் சிக்க வைத்துக்கொண்டு இருமினார். ஜெம் சிரிக்கவில்லை. "அழகுக்கா?" என்றார் மெதுவாக.

"தண்ணி நிக்கிறதுக்கு" என்றாள் மேவிஸ்.

சமையலறைக் கதவுப் பக்கம் எல்லாத் தலையும் திரும்பியது. அவள் எழுந்திருக்கவில்லை, உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னாள். "ஒவ்வொரு பட்டையும் ஒரு சின்ன அணை மாதிரி, ஜெம். மொத்தமா அறுத்துட்டா கோடையில தண்ணி ஒரே ஓட்டமா ஓடி, ஆறு முழங்காலுக்கு வத்திப்போகும். மீனுக்கு மறைவு இருக்காது. அப்பா ஒரு பட்டை விட்டு ஒரு பட்டை அறுப்பார். அடுத்த மாசம் விட்டத அறுப்பார்."

"அப்படிப் போடு!" என்றார் ஜெம். பிறகு அவர் புருவம் சுருங்கியது. "அப்ப அந்த அத்தியாயத்த எழுதுனது யாரு மேவிஸ்?"

"நான்தான்."

மேஜரின் முகம் செங்கல் நிறமானது. "என்ன பேச்சு இது! மிஸ் ஹிபர்ட் என்னோட டைப்பிஸ்ட். நான் சொல்லச் சொல்ல அடிச்சாங்க. ஒவ்வொரு வரியும் நான் சொன்னது."

அவருக்குப் பக்கத்தில் மிஸஸ் ஹனோரியா டார்வால் உட்கார்ந்திருந்தார். முப்பத்தாறு வருஷமாக இந்த மாதிரி விருந்துகளில் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்து பழகிய அம்மாள். ஆப்பிள் பையின் ஓரத்தை வெட்டிக்கொண்டே, தட்டைப் பார்த்தபடி சொன்னார்:

"லயனல், இன்னிக்குக் காலையில முட்டை சாப்பிடும்போது நீங்கதானே கேட்டீங்க, ஒன்பதாவது அத்தியாயத்துல அப்படி என்னதான் இருக்குன்னு? நான்தானே படிச்சுக் காட்டினேன்? பிஸ்கட் டப்பா வந்ததும் நிறுத்தச் சொல்லிட்டீங்க."

இதற்குப் பிறகு விடுதியில் எழுந்த சிரிப்பை மேவிஸ் ரசிக்கவில்லை. இத்தனை நேரமும் நாய் விசுவாசத்துக்குத் தலையாட்டியவர்கள்தான் இப்போது மேஜையைத் தட்டினார்கள். ஒரு பால் பண்ணைக்காரர் அவள் பக்கம் சாய்ந்து, "எங்களுக்கு எப்பவோ தெரியுமே மேவிஸ், உங்கப்பாதான் பிடிச்சாருன்னு" என்று கண்ணடித்தார்.

"தெரிஞ்சும் முப்பது வருஷமா அந்தப் பெட்டிக்குக் கீழ உக்காந்து அவர் வாங்கிக் கொடுத்த பீரக் குடிச்சீங்களா?" என்று கேட்டுவிட்டு, கோட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். மேஜர் ஒருவர்தான் பொய்யர் என்று நினைத்திருந்தாளே, அந்த முட்டாள்தனம் அவளைச் சுட்டது.

பத்து நாள் கழித்து மேஜர் வந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றார். உள்ளே வாருங்கள் என்று அவளும் சொல்லவில்லை.

"ரெண்டாம் பதிப்பு போடலாம்னு அச்சகத்துல சொல்றாங்க. அந்த ஒரு அத்தியாயத்த இன்னும் விரிவா எழுதச் சொல்றாங்க." அவர் தொண்டையைக் கனைத்தார். "ஈனாக்கப் பத்தி நீங்க சொல்லுங்க மிஸ் ஹிபர்ட். நான் எழுதுறேன். இந்தத் தடவை நானே எழுதுறேன்."

மேவிஸ் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். அறுபத்தெட்டு வயது. விருந்தில் பட்ட அவமானத்தில் இன்னும் காதுச் சூடு தணியாத ஆள். ஆனாலும் வந்து நிற்கிறார். இது வெட்கமா, இல்லை பத்திரிகையில் இன்னொரு அரைப் பக்கம் வாங்குகிற ஆசையா என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

"நாளைக்கு ஜெம் பாலத்துக்கு மேல்பக்கம் ஆத்துல கடைசிப் பூண்டு அறுப்பு அறுக்குறாரு. அங்க வாங்க" என்றாள்.

"வந்து?"

"இறங்குங்க. இறங்கிட்டு அப்புறம் எழுதுங்க."

வரமாட்டார் என்றுதான் நினைத்தாள். ஆனால் மறுநாள் காலை பத்து மணிக்கு வந்தார், தொடை வரைக்கும் ரப்பர் பூட்ஸ், அதே ட்வீட் கோட். ஜெம் டக்கர் அரிவாளை அவர் கையில் கொடுத்து, "தண்ணி வர்ற திசையப் பாத்து நில்லுங்க மேஜர். தரையோட ஒட்டி வீசுங்க. காலப் பாத்துக்குங்க, பூண்டோட உங்க பாதமும் அறுந்து வந்துடப் போகுது" என்றார்.

பாலத்தின் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு மேவிஸ் பார்த்தாள். முதல் வீச்சில் அரிவாள் பூண்டின் மேல் வழுக்கியது. இரண்டாவதில் சேற்றில் குத்தி நின்றது. மூன்றாவதில் கொஞ்சம் பூண்டு அறுபட்டு மிதந்தது; மேஜர் பெருமையோடு நிமிர்ந்து பாலத்தைப் பார்த்தார். பார்த்த வேகத்தில் சுண்ணாம்புக் கல்லில் கால் பிசகி, உட்கார்ந்தார். தண்ணீர் பூட்ஸுக்குள் இறங்கியதும் எழுந்திருக்க முடியவில்லை. தொப்பி தனியாகப் பாலத்துக்கு அடியில் போனது. பதினைந்து நிமிஷம்கூட ஆகியிருக்காது.

சிரிக்கத்தான் வந்தாள் அவள். சிரிப்பு வரவில்லை. ஆற்று நடுவில் உட்கார்ந்திருந்த அந்தக் கிழட்டு மனிதரைப் பார்க்க அருவருப்பாக இருந்தது, அவ்வளவுதான். செருப்பைக் கரையில் கழற்றிவிட்டு, பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கிப் போனாள். ஜெம் ஒரு கை, அவள் ஒரு கை பிடித்து இழுத்துக் கரையில் போட்டார்கள்.

மேஜருக்குப் பல் கிடுகிடுத்தது. மீசையில் பூண்டு தொங்கியது.

"ஈனாக் இத எத்தனை மணி நேரம் செய்வான்?" என்றார் கடைசியில்.

"எட்டு. செய்வார்னு சொல்லுங்க."

மேஜர் தண்ணீரைப் பார்த்தார். "செய்வார்" என்றார்.

ஜெம் கோணிச் சாக்கை அவர் தோளில் போட்டார். மேவிஸ் நனைந்த காலுறைகளைப் பிழிந்து, செருப்பை மாட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். ஒரு வார்த்தையைத் திருத்தியதற்காக மன்னித்துவிட அவள் தயாராக இல்லை. பாதிரியாரின் ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கம் வேறு பாதியில் நின்றது.

இரண்டாம் பதிப்பு வரவில்லை. மேஜர் நெஞ்சுச் சளியில் பத்து நாள் கிடந்தார் என்று கேள்விப்பட்டாள். பிஸ்கட் டப்பா அனுப்பலாமா என்று ஜெம் கேட்டபோது, "ஒண்ணும் வேண்டாம், அவர் வீட்டுல நிறைய இருக்கும்" என்றாள். அதற்கப்புறம் மேஜர் தெருவில் அவளைக் கண்டால் புதுத் தொப்பியை உயர்த்துவார். மூன்று தடவைக்கு ஒரு தடவை அவளும் தலையசைப்பாள்.